பொருள்: கணவரின் பதில் தாமதமாக வருவது தொடர்பாக

இருபத்திரண்டு வருடமாக மனு எழுதுகிறேன். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் கேட்டுக்கு எதிரே ஒரு மடக்கு மேசை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, மழைக்கு ஒரு தார்ப்பாய். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, பாதையை மறித்துச் சுவர் எழுப்பிய பங்காளி என்று நான் எழுதாத குறை இந்த ஜில்லாவில் கிடையாது. ராஜமாணிக்கம் எழுதிய மனுவுக்குக் கல்லும் கரையும் என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யாரும் சொல்லாததால் அப்படி.

எழுதிய மனுக்களில், கொடுக்காமலேயே நிறைவேறியது ஒன்றே ஒன்று. அது இன்னும் என் பையில் இருக்கிறது. எழுதச் சொன்னவள் அருணாதேவி.

அருணாதேவிக்கு முப்பத்தாறு வயது. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பத்தில் பிறந்து, பி.காம் முடித்து, என் மேசைக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். "ஆதார் கார்டு முன்னாடி பின்னாடி..." என்று நீங்கள் ஆரம்பித்தால், "ரெண்டும் ஒரே பக்கத்துல, ரெண்டு காப்பி, அஞ்சு நிமிஷம்" என்று முடித்துவிடுவாள். எத்தனையோ தரம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. நான் ஒரு வாக்கியத்தை நிதானமாகக் கட்டுகிற ஆள். பாதிக் கட்டிடத்தில் அவள் குடிபுகுந்துவிடுவாள்.

அவள் கணவன் கலையரசன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். பதினோரு வருடமாகக் கடல்தான். முன்பு இருந்த கப்பலில் இன்டர்நெட் இருந்தது. தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுவான். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய கப்பலுக்கு மாற்றிவிட்டார்கள். அதில் கேப்டன் அறையில் ஒரு சாட்டிலைட் போன்தான். வியாழக்கிழமை மதியம் வரிசையில் நின்று, கார்டு போட்டு, ஐந்தாறு நிமிடம் பேசலாம். நம்மால் அந்தப் போனைக் கூப்பிட முடியாது. சாவு, ஆஸ்பத்திரி என்றால் மட்டும் ஏஜென்ட் மூலம் சொல்லலாம்.

அந்தக் கப்பலுக்குப் போனதிலிருந்துதான் பிரச்சினை. "சாப்ட்டீங்களா?" என்று கேட்டால் ஒரு கணம் சத்தமே இருக்காது. பிறகுதான் "சாப்ட்டேன்" வரும். "ஒடம்பு நல்லா இருக்குதா?" மறுபடியும் சத்தமில்லை. பிறகு "இருக்குது." சாப்பிட்டதைச் சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன யோசனை? ஆனால் கப்பல் துறைமுகத்துக்கு வந்து, கரையில் இறங்கி வாட்ஸ்அப்பில் பேசினால் பழைய கலையரசன். சிரிக்கிறான், குறுக்கே பேசுகிறான், சண்டை போடுகிறான். கடலில் ஏறினால் மறுபடியும் யோசித்து யோசித்துப் பேசுகிறான். இதை அருணா என்னிடம் பல தரம் சொல்லியிருக்கிறாள். பக்கத்தில் யாராவது நிற்பார்கள் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. "யாருண்ணா நிப்பாங்க?" என்று என்னையே குடைய ஆரம்பித்துவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாள், கூட்டம் சேருவதற்கு முன்பே என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது.

"ண்ணா, எனக்கு ஒரு மனு எழுதணும்."

"யார் மேல?"

"டவர் மேல."

அவள் கடைக்கு அடுத்த கட்டிடத்தின் மொட்டை மாடியில் ஐந்தாறு மாதத்துக்கு முன் ஒரு செல்போன் டவர் வைத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து டவரைப் பார்த்தேன். அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"டவர் உன்னை இன்னா பண்ணுச்சு?"

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னாள். கலையரசன் திடீரென்று கேட்டிருக்கிறான்: "அருணா, இந்தக் கப்பலோட போதும்னு தோணுது. ஊருக்கே வந்துடட்டுமா? கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு டிபன் கடை போட்டுடலாம்."

"நான் ஒடனே வாங்கன்னு சொன்னேண்ணா. ஒடனே! அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'இல்ல, சும்மாத்தான் கேட்டேன், அடுத்த கான்ட்ராக்டுக்கும் கையெழுத்து போட்டுடறேன்'ன்றாரு. வாங்கன்னு சொன்னா இல்லன்னு பதில் வருது. இன்னா அர்த்தம்? நான் என்னங்கன்னு கேக்கறதுக்குள்ள கார்டு முடிஞ்சிடுச்சு. இந்த சனிக்கிழமைக்குள்ள யார் எறங்கறாங்க, யார் இருக்காங்கன்னு கேப்டன் பேர் எழுதறாராம். பேர் குடுத்துட்டா இன்னும் பத்து மாசம்."

"ஏஜென்ட்டாண்ட சொல்லிப் பாத்தியா?"

"சாவாம்மான்னு கேட்டான். இல்லன்னேன். வெச்சுட்டான்."

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வா என்று சொன்னவளிடம் இல்லை என்று சொல்கிற ஆளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? மனதில் தோன்றியதை வாயில் கொண்டுவர எனக்குப் பயமாக இருந்தது. அவளுக்கும் அதே பயம்தான் என்று பார்த்தாலே தெரிந்தது. புருஷனைச் சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் டவரைச் சந்தேகப்பட்டாள்.

எழுதினேன். 'பொருள்: கணவரின் பதில் தாமதமாகவும் மாறாகவும் வந்து சேர்வது, அருகிலுள்ள செல்போன் கோபுரத்தின் மீது நடவடிக்கை வேண்டுதல் தொடர்பாக.' இரண்டு பக்கம். கடைசியில் 'தாங்கள் கருணை கூர்ந்து' என்று முடித்தேன்.

காப்பி எடுக்க அவளே தன் மெஷினில் வைத்தாள். அப்போது கடையில் லைசென்ஸை ஜெராக்ஸ் எடுக்க ஒரு ஆள் நின்றிருந்தான். காக்கிப் பேன்ட், இடுப்பில் டெஸ்டர், ஸ்பேனர். பலராமன் என்று பெயர். அந்த டவரைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன். வெளியே வந்த காப்பியைச் சும்மா எட்டிப் பார்த்தவன் அப்படியே கையில் எடுத்துவிட்டான்.

"யாருய்யா இது எழுதனது? என் டவரு மேலயா?"

"நான்தான்," என்றேன். என் எழுத்தை நான் மறுத்ததில்லை.

"பெருசு, எங்க டவருக்கும் கப்பலுக்கும் இன்னா சம்பந்தம்? இது ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள இருக்கிற போனோட பேசும். அவ்ளோதான். நீங்க பேசறது காத்துல வர்றது இந்த டவரு வரிக்கும்தான். அதுக்கப்புறம் தரைக்கு அடியில கேபிள்ல போவும். நீங்க பஸ்ல போனா ஒரு டவரு அடுத்த டவருகிட்ட உங்கள ஒப்படைச்சிடும். கடல் நடுவுல எவன் டவரு நட்டு வெச்சிருக்கான்?"

"அப்ப அவரு எப்டி பேசறாரு?" என்றாள் அருணா.

"கப்பல்ல ஒரு குடை மாதிரி இருக்கும்க்கா. அது நேரா மேல சாட்டிலைட்டுக்கு அனுப்பும். முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேல. பூமி சுத்தற வேகத்துக்கே அதுவும் சுத்தறதால ஒரே எடத்துல நிக்கிற மாதிரி இருக்கும். அது திருப்பித் தரையில இருக்கிற ஒரு பெரிய ஸ்டேஷனுக்கு எறக்கும். அங்கிருந்து கேபிள்ல வந்து, கடைசியாதான் எங்க டவரு."

முப்பத்தாறாயிரம் என்றால் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கிரிவலம் பதினாலு கிலோமீட்டர். மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். மலையை இரண்டாயிரத்து ஐந்நூறு தடவைக்கு மேல் சுற்றுகிற தூரம், ஒரே செங்குத்தாக மேலே. ஒரு தடவை சுற்றவே என் முட்டி கேட்பதில்லை.

"போக கால் நொடி, வர கால் நொடி," என்றான் பலராமன். "நடுவுல மிஷினுங்க வேற நேரம் எடுத்துக்கும். பழைய போன்னா எல்லாம் சேர்ந்து ஒரு நொடி ஆவும். அவரு யோசிக்கலக்கா. வழியில இருக்குது அவரு பதிலு."

அருணா முகம் கொஞ்சம் தெளிந்தது. உடனே மறுபடியும் குழம்பியது. "சரி, லேட்டா வரட்டும். வாங்கன்னா இல்லன்னு ஏன் வரணும்?"

"செஞ்சே பாத்துடலாம்க்கா," என்றான் பலராமன். பிறகு வீணான ஜெராக்ஸ் தாள்களைக் கிழித்து எங்கள் இரண்டு பேரிடமும் கொடுத்தான். என்னைக் கடைக்கு வெளியே என் மேசையில் உட்காரச் சொன்னான். அவளைக் கடைக்குள் சுவரைப் பார்த்து உட்காரவைத்தான். "அக்கா, நீங்கதான் கப்பல். பெருசு ஊட்டுல இருக்கிற நீங்க. நான் சாட்டிலைட்டு. எழுதிக் குடுங்க, எடுத்துக்கினு போறேன்."

அறுபது வயதில் நான் அருணாதேவி ஆனேன். போகிற வருகிற மனுதாரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பலராமன் ஊர்வலத் தேர் மாதிரி மெதுவாக வந்து ஒரு சீட்டை நீட்டினான். 'வந்துடட்டுமா?' என்று இருந்தது. நான் ஒரு வினாடிகூடத் தாமதிக்கவில்லை. 'வாங்க' என்று எழுதிக் கையில் திணித்தேன். அவன் திரும்பி அதே தேர் நடையில் போனான். பாதி வழி போயிருப்பான், உள்ளேயிருந்து அருணாவின் குரல்:

"இன்னாண்ணா இன்னும் எழுதலயா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடுங்க, நான் அடுத்த சீட்டு எழுதறேன்!"

"எப்பவோ எழுதிட்டேன்மா! அவன் கையில இருக்குது!" என்று கத்தினேன்.

எழுந்து போய்ப் பார்த்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் எழுத ஆரம்பித்திருந்த அடுத்த சீட்டில் 'இல்ல, சும்மாத்தான்' என்று இருந்தது.

"ண்ணா," என்றாள். "அவருக்கும் இப்டித்தான் இருந்திருக்கும். நான் வாங்கன்னு சொன்னது அவருக்குப் போயே சேரல. கேட்டுட்டு, நான் பேசாம இருக்கிறேன்னு நெனச்சு, 'இல்ல, சும்மாத்தான்'னு சொல்லிட்டாரு. அவரு பேசிட்டு இருக்கும்போது என் 'வாங்க' போயி அவரு பேச்சுக்குள்ள மாட்டிக்கிச்சு, காதுல விழல."

"பதினோரு வருசம் கப்பல்ல இருக்கிறவருக்கு லேட்டா வரும்னு தெரியாதா?" என்றான் பலராமன்.

தெரிந்திருக்கும். ஆனால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒன்றைக் கேட்கிறவனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நேரத்தில் நினைவிலா இருக்கும்? அந்த ஒரு நொடியில் அவன் என்னவெல்லாம் நினைத்தானோ. பதினோரு வருடம் வீட்டில் இல்லாத ஆள். நான் வந்தால் இவளுக்குத் தொந்தரவோ என்று நினைக்க ஒரு நொடி தாராளம்.

அருணா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எந்தக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்கிறவள், வாழ்க்கையிலேயே முக்கியமான கேள்விக்குத் தயங்கியவள் ஆகிவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. டவர் மேல் இல்லை. மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் நானும் கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பலராமன் ஏதோ வேலை இருப்பது போல மாடியிலிருந்து இறங்கி வந்து நின்றான். மூன்று மணி ஆயிற்று. போன் வரவில்லை. பெயர் கொடுத்துவிட்டானோ, இனி எதற்குப் போன் என்று விட்டுவிட்டானோ என்று நான் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அந்த நீளமான வெளிநாட்டு நம்பர் வந்தது.

அருணா ஸ்பீக்கரில் போட்டாள். அவன் ஹலோ சொல்லக்கூட விடவில்லை.

"வாங்க. வந்துடுங்க. நீங்க அன்னிக்குக் கேட்டதும் ஒடனே சொன்னேன், உங்களுக்கு வந்து சேரல. வாங்க. கையெழுத்து போடாதீங்க. வந்துடுங்க. வாங்க..."

மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் அந்தப் பக்கம் "அருணா..." என்று கேட்டது. அவள் நிறுத்தவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. அவன் எப்போது பேச்சை நிறுத்தினாலும், அந்தக் கணமே அவன் காதில் ஒரு 'வாங்க' விழ வேண்டும். நடுவில் இடைவெளியே இருக்கக் கூடாது. சர்டிபிகேட்டோடு நின்றிருந்த ஒரு பெண் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தாள். பலராமன் அவளைப் பேசாமல் இருக்கும்படி கையைக் காட்டினான்.

இருபது தடவையாவது சொல்லியிருப்பாள். குரல் உடைந்த பிறகுதான் நிறுத்தினாள்.

சத்தமே இல்லை. வழியில் இருக்கிறது, மேலே போய் இறங்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் என் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

பிறகு கலையரசன் குரல் வந்தது.

"மொத தரம் சொன்னப்பவே கேட்டுடுச்சு, அருணா. நீ சொல்லிக்கினே இருக்கிறது நல்லா இருந்துச்சு. அதான் பேசல."