ஆட்டுக்குட்டி போட்டுக்கொண்ட குல்லா

செம்மறி ஆட்டுக்குக் கண் எதற்கு என்று எட்டு வயதில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அதைத் தீர்த்துக்கொள்ளப் போய் ஒரு குட்டியின் காலை முறித்தேன்.

குளத்தூருக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த நிலமும் முப்பது கறுப்புக் குறும்பாடுகளும் இருந்தன. ஆட்டு மயிரைக் கத்தரித்துக் கம்பளி நெய்கிறவர்களுக்குக் கொடுப்போம். அதில் ஒரு கைப்பிடியாவது நமக்கென்று எடுத்துவைக்கலாம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை, சித்தி வரும்வரை.

என் அம்மா இறந்த மறுவருஷம் அய்யா சித்தியைத் திருச்சிப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். அப்போது யுத்த காலம். சித்தி படித்த பள்ளிக்கூடத்தில் சிப்பாய்களுக்கென்று பெண்பிள்ளைகளைக் காலுறை பின்னச் சொல்வார்களாம். அந்தப் பழக்கத்தில் ஆட்டு மயிரைத் தக்கிளியில் நூற்று, இரண்டு குடைக்கம்பிகளை வைத்துப் பின்னிக்கொண்டிருப்பாள். தறி இல்லாமல் துணி வளர்வதைப் பார்க்கத் தெருப் பெண்கள் வந்து போனார்கள். நான் சித்தியோடு பேசுவதில்லை என்று தீர்மானம் செய்திருந்தேன். ஆனாலும் அந்தக் கம்பிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்வதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. கிடையில் படுக்கும் அய்யாவுக்கு மார்கழிப் பனிக்காக ஒரு குல்லா தயாராகிக்கொண்டிருந்தது.

உச்சி மூடுவது ஒன்றுதான் பாக்கி என்றிருந்தபோது, ஓர் ஆடு குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. குட்டி பிழைத்துக்கொண்டது. மறுநாள் காலையில் இன்னோர் ஆடு ஈன்றது. அதன் குட்டி பிறக்கும்போதே செத்திருந்தது. இரண்டு கணக்கும் சரியாகப் போயிற்று என்று அய்யா தாயில்லாக் குட்டியைத் தூக்கிவந்து அந்த ஆட்டின் மடியில் விட்டார். ஆடு மோந்து பார்த்தது. ஓர் எட்டுப் பின்னால் போய், முட்டித் தள்ளியது. மூன்று தடவை விட்டார். மூன்று தடவையும் அப்படியே. துணித் திரியை நனைத்து ஊட்டிய பாலையும் குட்டி கக்கிவிட்டது.

"நாளைக்குக் காலையில இது இருக்காது" என்று சொல்லிவிட்டு, செத்த குட்டியைப் புதைக்க மண்வெட்டியை எடுத்தார்.

"அதப் பொதைக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க" என்று சித்தி உள்ளே ஓடினாள். குல்லாவைக் கொண்டுவந்து, ஈரம் காயாமல் கிடந்த செத்த குட்டியின் உடம்பெல்லாம் அழுத்தித் தேய்த்தாள். முன்னங்காலுக்கு இரண்டு ஓட்டை போட்டு, உயிருள்ள குட்டிக்கு மாட்டிவிட்டாள்.

அய்யா சிரித்தார். "ஆட்டுக்குச் சட்டையா?"

"அது பிள்ளையக் கண்ணாலயா பாக்குது? மூக்காலதானங்க பாக்குது. வாடை ஒத்துப்போனாப் போதும்."

ஆடு மோந்தது. விலகிப் போய் நின்று, திரும்பி வந்து மறுபடி மோந்தது. பிறகு காலை அகற்றிக் கொடுத்தது. குட்டி முட்டி முட்டிக் குடிக்க, அதன் வால் துடித்த துடிப்பைப் பார்த்துவிட்டுத்தான் அய்யா செத்த குட்டியைப் புதைக்கப் போனார்.

மூக்கால் பார்க்கிறது என்றால் கண் எதற்கு? ஒரு ராத்திரி பழகிய குட்டியை முகம் பார்த்து அடையாளம் தெரியாதா? மறுநாள் மத்தியானம் சித்தி கிணற்றுக்குப் போன சமயத்தில் பட்டிக்குள் இறங்கிக் குல்லாவைக் கழற்றினேன்.

ஆடு மோந்தது. அடுத்து நடந்தது எனக்குச் சரியாகத் தெரியவில்லை. குட்டி முள்வேலியில் கிடந்து கத்தியது. முன்னங்கால் ஒன்று தொங்கியது. குல்லாவைத் திரும்ப மாட்டப் பார்த்தேன். காலுக்கு ஓட்டை அகப்படவில்லை. பின்னால் குடம் உருளும் சத்தம் கேட்டது. சித்தி என் கையிலிருந்து குல்லாவை வாங்கினாள். பனைமட்டையில் இரண்டு சிம்பு கிழித்து, புடவை ஓரத்தைக் கிழித்து, காலைக் கட்டிவிட்டு, குல்லாவை மாட்டி ஆட்டிடம் விட்டாள்.

சாயங்காலம் அய்யா வந்தார். "யாரு அவுத்தது?"

முள்ளில் மாட்டிக் கழன்றுகொண்டது என்று சொல்ல நான் ஒரு கதை தயாரித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டாள்.

"நாந்தாங்க. அழுக்கா இருக்கேன்னு தொவைக்க அவுத்தேன்."

"வாடைக்குப் போட்டதத் தொவைக்கப் போனியா? பள்ளிக்கூடத்துல இதையுமா சொல்லிக் குடுத்தாங்க!"

குட்டி பிழைத்தது, கொஞ்சம் நொண்டிக்கொண்டு. பத்து நாள் கழித்துக் குல்லாவைக் கழற்றியபோது ஆடு ஒன்றும் சொல்லவில்லை. அய்யாதான் விடவில்லை. சந்தையிலும் கோயிலிலும், வீட்டுக்கு வந்தவர்களிடமும், வாடையைத் துவைக்கப் போன பெண்டாட்டியின் கதையை அந்த வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சித்தி தலையைக் குனிந்துகொண்டு கூடவே சிரிப்பாள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் நான். குல்லாவைத் தான் என் கையிலிருந்து வாங்கியதைக்கூட நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே, இவளுக்கு எவ்வளவு மறதி என்று ஆச்சரியப்பட்டேன்.