வேக வைத்தும் சாகாத புரதம்

வாடிப்பட்டிக்குத் தெற்கே கடலையும் பருத்தியும் போட்டுவந்த பேயாண்டியின் இரண்டாவது மகள் ஜெயக்கொடி. அவள் உயிர்வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தபோது, என்ன படித்திருக்கிறாள் என்பதை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. "டாக்டருக்கா படிக்கிறா?" என்று கேட்டவர்களிடம் அவளுடைய அம்மா சோலையம்மாள், "டாக்டருதான். ஆனா ஊசி போட மாட்டா" என்று சொல்லிச் சமாளித்தாள்.

1974இல் ஜெயக்கொடி மதுரைக்கு மேற்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தாள். அவளுக்கு வழிகாட்டி பேராசிரியர் நல்லகாமன். உரக்கப் பேசுவார், கோபம் சீக்கிரம் வரும், அதைவிடச் சீக்கிரம் போகும். முதல் நாளே அவர் கரும்பலகையில் இரண்டு வட்டங்களை வரைந்தார்.

"இது ஒரு சவ்வு, இது இன்னொரு சவ்வு. ரெண்டும் கொழுப்பால ஆனது. நடுவுல இருக்கிறது தண்ணி. எண்ணெய் தண்ணியில கரையாதுன்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனா செல்லுக்குள்ள ஒரு சவ்வுல உண்டாகிற கொழுப்பு இன்னொரு சவ்வுக்குப் போய்ச் சேருது. எப்படிம்மா போகுது?"

வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் அதற்கு ஒரு விடை கிடைத்திருந்தது. ஈரல் செல்லில் சில புரதங்கள் இருக்கின்றன. அவை கொழுப்பு மூலக்கூறைத் தம் மடிப்புக்குள் பொதிந்து, தண்ணீர் படாமல் மறுகரை சேர்க்கின்றன. அந்தப் புரதம் ஆட்டு ஈரலில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் ஜெயக்கொடிக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

வாரம் இருமுறை விடியலில் கறிக்கடைக்குப் போய், அப்போதுதான் அறுத்த ஆட்டின் ஈரலைப் பனிக்கட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவருவாள். அதை அரைத்து, வடித்து, சாறு எடுப்பாள். கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த கொழுப்பால் நுண்ணிய குமிழ்கள் செய்து, அவற்றைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்டிரியா என்ற சவ்வுப் பைகளோடு சேர்த்து, ஈரல் சாற்றை ஊற்றி வைப்பாள். பிறகு சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் கனமான மைட்டோகாண்டிரியா அடியில் படியும். அந்தப் படிவில் கதிரியக்கம் ஏறியிருந்தால் கொழுப்பு இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் எப்போதும் இன்னொரு டியூப் இருக்கும், வேக வைத்த சாறு ஊற்றியது. வெந்தால் புரதம் செத்துப்போகும். அதனால் அந்த டியூபில் கதிரியக்கம் ஏறக்கூடாது. ஈரலைப் பொறுத்தவரை ஏறவும் இல்லை.

மூன்று வருடம் இப்படிப் போனது. இடையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சிவனாண்டி கப்பலூரில் ஒரு சின்ன ஃபேக்டரியில் சூப்பர்வைசர். பரவையில் வீடு பிடித்தார்கள். பொண்டாட்டி ஈரலோடு பஸ் ஏறுவதைப் பற்றி அவனுடைய உறவினர் கேலி பேசினால், "ஒங்க வீட்டுல ஈரல் வாங்குனா தின்னுபுட்டு முடிஞ்சுபோகும். எங்க வீட்டுல அது காலேசுக்குப் போகுது" என்பான்.

1977 மழைக்காலத்தில் ஜெயக்கொடி முழுகாமல் இருந்தாள். அதோடு ஈரல் வாடையும் அவளுக்கு ஆகாமல் போய்விட்டது. கறிக்கடைத் தெருமுனையிலேயே குமட்டியது. மிக்ஸியில் அரைக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிப் பார்த்தாள். பயனில்லை. இதைப் பேராசிரியரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. யோசித்து ஒரு காரணத்தோடு போனாள்.

"சார், முளைக்கிற ஆமணக்கு விதையில பாத்தா என்ன? நாலஞ்சு நாளுல எண்ணெய் பூராத்தையும் கரைச்சு நாத்தா மாத்துது. அம்புட்டு சவ்வு புதுசா கட்டணும்னா கொழுப்பைத் தூக்கிட்டுப் போறதுக்கு ஏதாச்சும் இருக்கணும்ல?"

சாக்காகச் சொல்லத் தொடங்கியது, சொல்லி முடிக்கும்போது நல்ல கேள்வியாகவே அவளுக்குப் பட்டது. நல்லகாமனும் தலையசைத்தார். சோலையம்மாள் வரப்போரத்தில் விளைந்த கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, ஒரு மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

ஆமணக்குச் சாறு முதல் முறையே வேலை செய்தது. கதிரியக்கம் நன்றாக ஏறியது. ஆனால் வேக வைத்த டியூபிலும் அதே அளவுக்கு ஏறியது. மறுபடி செய்தாள், மறுபடியும் அதே. ஐந்தாவது தடவை முடிவைப் பார்த்த நல்லகாமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வெந்ததும் ஒண்ணு, வேகாததும் ஒண்ணுன்னா அங்க புரதமே இல்லம்மா. ஒன் குமிழி போயி மைட்டோகாண்டிரியாவுல சும்மா ஒட்டிக்கிருது. ஆமணக்குல பிசின் கிசின் இருக்கும். விட்டுரு."

"இன்னும் ஒரு தடவை பாக்கட்டுமா சார்?"

"ஒரு வருசம் பாத்தாலும் பிசின் பிசின்தான்."

விட்டுவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. அது தவழும் பருவம் வந்தபோது சோலையம்மாள் பரவைக்கே வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, ஜெயக்கொடி மறுபடி ஈரலுக்குத் திரும்பினாள். வாடை இப்போது ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் ஆமணக்கு மனசைவிட்டுப் போகவில்லை. ஒரு முறை மட்டும் யாரிடமும் சொல்லாமல் ஆமணக்குச் சாறு எடுத்து கோல்டு ரூமின் பின்வரிசையில் வைத்தாள். சோதித்துப் பார்க்கத் துணிவு வராமல் அது அங்கேயே கிடந்தது.

1979 சித்திரைத் திருவிழாவுக்குப் பல்கலைக்கழகம் விடுமுறை விட்டது. நகரம் முழுக்க வைகையை நோக்கித் திரண்டிருந்த அந்த நாட்களில் கோல்டு ரூமின் கம்ப்ரஸர் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. விடுமுறை முடிந்து ஜெயக்கொடி கதவைத் திறந்தபோது அடித்த நாற்றத்தில் தாழ்வாரத்தில் நின்றவர்களெல்லாம் விலகி ஓடினார்கள். மூன்று மாதமாகச் சேர்த்துவைத்த ஈரல் சாறு முழுக்கத் திரிந்து போயிருந்தது. அவள் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு டியூப்களைக் கழுவ உட்கார்ந்தாள்.

பின்வரிசை டியூபைக் கொட்டப்போனவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஆமணக்குச் சாறு கொஞ்சம் கலங்கியிருந்ததே தவிர, திரியவில்லை.

பம்பாயிலிருந்து வந்த கதிரியக்கப் பாஸ்பரஸ் ஈயக் குடுவையில் இருந்தது. இரண்டு வாரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும். எப்படியும் வீண்தானே என்று, கெட்டுப்போன ஈரல் சாற்றையும் ஆமணக்குச் சாற்றையும் சேர்த்தே சோதனைக்கு வைத்தாள். ஈரல் டியூபில் ஒன்றுமில்லை. ஆமணக்கு டியூபில் முன்பு வந்த அளவே வந்தது.

அன்று சாயங்காலம் சிவனாண்டி அவளைக் கூப்பிட வந்திருந்தான். சைக்கிளை மரத்தடியில் நிறுத்திவிட்டு நின்றவனிடம் அவள் வேறெதுவும் பேசாமல் நேராக இதைச் சொன்னாள்.

"இங்கருங்க, வெந்தா செத்துப்போகும்னு நாமளா முடிவு பண்ணிக்கிட்டோம். சாகாம இருந்தா?"

"எது?"

"கொட்டமுத்துல இருக்கிற புரதம். சூடு அதை ஒண்ணும் செய்யலைன்னா, வெந்த டியூபும் வேகாத டியூபும் ஒண்ணாத்தானே இருக்கும்?"

"ஒங்க சார் பிசின்னு சொன்னாருன்னியே. அது பிசினு இல்லைன்னு எப்படிக் காட்டுவ?"

அவள் சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி ரோட்டில் போன பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பஸ்ஸே போயி அங்க நின்னா, உள்ள இருக்கிற எல்லாரும்தான் அங்க இருக்கணும். ஒரு ஆளு மட்டும் இறங்கிப் போயிருந்தா, பஸ்ஸு போகலைன்னுதானே அர்த்தம்?"

அதைத்தான் செய்தாள். குமிழுக்குள் இரண்டாவதாக ஒரு கொழுப்பையும் சேர்த்தாள். புரதத்தால் தூக்க முடியாத வகை அது. அதற்கு வேறொரு கதிரியக்க அடையாளம். குமிழ் முழுசாகப் போய் ஒட்டினால் இரண்டு அடையாளமும் சேர்ந்து ஏற வேண்டும். முதலாவது மட்டும் ஏறியது. பிறகு சாற்றில் புரதத்தைச் செரிக்கும் நொதியைப் போட்டு வைத்தாள். அந்தச் சாற்றில் எதுவுமே ஏறவில்லை. பிசினாக இருந்தால் நொதி அதைத் தொட்டிருக்காது.

நல்லகாமன் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். மறுநாள் தானே லேபுக்கு வந்தார். எது வெந்தது, எது வேகாதது, எதில் நொதி என்று அவளுக்குத் தெரியாதபடி டியூப்களுக்கு எழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார். அவள் செய்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எண்கள் வந்ததும் சட்டைப் பையிலிருந்த துண்டுச் சீட்டை எடுத்து ஒப்பிட்டார்.

"நான் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். பிறகு வழக்கமான உரத்த குரலில், "சரி, இதைத் தனியாப் பிரிச்சு எடு. அதுக்கப்புறம்தான் எழுதணும்" என்றார்.

பிரித்தெடுப்பதில் அவளுக்கு அந்தப் புரதத்தின் பிடிவாதமே கை கொடுத்தது. ஈரல் புரதத்தைக் குளிரில் பொத்திப் பொத்திப் பிரிக்க வேண்டும், கரண்டு போனால் கதை முடிந்தது. ஆமணக்குச் சாற்றையோ கொதிக்கும் தண்ணீரில் வைத்தாள். மற்றப் புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து அடியில் விழுந்தன. இது மேலே தெளிவாக நின்றது. கரண்டு போகும் நாட்களில் மற்றவர்கள் கையைப் பிசைந்து நிற்க, ஜெயக்கொடி ஸ்பிரிட் விளக்கை ஏற்றி வேலையைத் தொடர்ந்தாள்.

கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து ஒரு முறை திரும்பி வந்தது. கேட்ட சோதனைகளைச் செய்து மறுபடி அனுப்பக் காத்திருந்த நேரத்தில், வேறொரு நாட்டு ஆய்வுக்கூடம் இன்னொரு செடியில் இதேபோன்ற புரதத்தைக் கண்டு எழுதியிருப்பதை நூலகத்தில் படித்தாள். அதிலும் வெந்தும் சாகாத புரதம். அவள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னத்தா, மேலுக்கு முடியலையா?" என்றாள் சோலையம்மாள்.

"எனக்கு முன்னாடி ஒருத்தர் சொல்லிட்டாங்கம்மா."

"நீ சொன்னது பொய்யின்னா சொல்லிருக்காக?"

"இல்ல. நான் சொன்னதையேதான்."

"அப்ப சோத்தைத் தின்னு."

வருத்தம் போக ஒரு மாதம் ஆனது. அது போன இடத்தில் ஒருவித நிம்மதி இருந்தது. எங்கோ முகம் தெரியாத ஒருவர் அதே குழப்பத்தில் உட்கார்ந்து அதே முடிவுக்கு வந்திருக்கிறார். அவளுடைய கட்டுரை, இரண்டாவதாக, 1981இல் வந்தது. பட்டமும் கிடைத்தது. மறு வருடம் நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. அங்கே பெரிய சென்ட்ரிஃப்யூஜ் கிடையாது. பாடம் இல்லாத நாட்களில் பழைய லேபுக்கு பஸ் ஏறினாள்.

செல்லுக்குள்ளே கொழுப்பைச் சுமக்கும் தோணி என்றுதான் அவள் அந்தப் புரதத்தை நினைத்திருந்தாள். 1987இல், அந்தப் புரதத்தை முயலுக்கு ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைக் கொண்டு சாயமேற்றி, அது நாற்றில் எங்கே இருக்கிறது என்று நுண்ணோக்கியில் பார்த்தாள். செல்லுக்குள் நிறைந்திருக்கும் என்று எதிர்பார்த்தாள். அது வெளியே, செல்லின் சுவரில், இலைத் தோலின் ஓரத்தில் வரிசையாக இருந்தது. நான்கு முறை செய்தாள். மாறவில்லை.

அந்த ஆண்டு பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அதை அப்படியே காட்டினாள். முன்வரிசையில் ஓய்வுபெற்ற நல்லகாமன் இருந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒருவர் எழுந்தார்.

"செல்லுக்கு வெளிய இருக்கிறது எப்படி உள்ள கொழுப்பைச் சுமக்கும்? அப்ப இத்தனை வருசமா நீங்க சொன்னது?"

"டியூபுல சுமக்குது. அதுல சந்தேகமே இல்லை. செடியில அதுக்கு என்ன வேலைன்னு எனக்குத் தெரியாது" என்றாள் ஜெயக்கொடி. "தெரியும்னு நெனச்சிருந்தேன்."

கேட்டவர் உட்கார்ந்தார். நல்லகாமன் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

அடுத்த ஞாயிறு சிவனாண்டி புதிதாக வாங்கிய ஸ்கூட்டரில் அவளைக் கப்பலூருக்கு அழைத்துப்போனான், ஃபேக்டரியில் பூசை. ரோட்டோரம் காட்டுச்செடி போலத் தானாக முளைத்த ஆமணக்குச் செடிகள் நின்றன. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவன் முதுகைத் தட்டினாள். இறங்கிப்போய் ஒரு தண்டை நகத்தால் சுரண்டினாள். மேலே படிந்திருந்த வெள்ளைப் பூச்சு மாவுபோல விரலில் ஒட்டியது. மெழுகு. அதுவும் கொழுப்புதான், செல்லுக்குள் உண்டாகிறது. இருப்பதோ தோலுக்கு வெளியே, அந்தப் புரதம் வரிசையாக நின்ற அதே ஓரத்தில்.

"என்னது அது?" என்றான் சிவனாண்டி.

"இதை யாரு வெளிய கொண்டாந்து வச்சான்னு பாக்கணும்" என்றாள். ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில் பூச்சு இல்லாமல் பச்சையாக நின்ற இன்னொரு செடியையும் சேர்த்து ஒடித்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.