ஒரு சாண் இடைவெளி

எங்கள் சமையலறை அலமாரியில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்ட் கட்டி இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். ஒரு பக்கம் கரடுமுரடு. மறுபக்கம் வழவழப்பாக, விரல்களால் இழுத்துப் பூசிய தடத்தோடு இருக்கும். விரல்கள் என்னுடையவை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. மாமி மட்டும் அலமாரியைத் துடைக்கும்போதெல்லாம் கேட்பார்: "இத எதுக்கு புள்ள வச்சிருக்க? அங்கிட்டுத் தூக்கிப் போடேன்." இருக்கட்டும் மாமி என்று சொல்லிவிடுவேன்.

மாமா, அதாவது என் கணவரின் அத்தா, பாதி ஆயுளை வளைகுடாவில் கூரைகளின் மேலேயே கழித்தவர். கிடங்குகளுக்கும் வேலையாட்கள் தங்கும் கொட்டகைகளுக்கும் தகடு பூட்டுவது அவர் வேலை. அவர் கறம்பக்குடிக்கே திரும்பி வந்துவிட்ட பிறகு, ஒரு புயலில் எங்கள் ஓட்டுக் கூரை மொத்தமும் போயிற்று. தகடுதான் போடப்போகிறேன் என்றார். தெருவே சிரித்தது. மருமகளைத் தகரக் கொட்டகையில் வேகவைக்கப் போகிறீர்களா என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். எனக்கும் உள்ளூரப் பயம்தான். கடையில் சிவப்பும் நீலமும்தான் அடுக்கியிருந்தன. அவர் வெள்ளைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வரவழைத்தார். மேலே வெள்ளைத் தகடு, கீழே அட்டை சீலிங், இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கூரை விளிம்பில், இறவாரத்தில், அந்த இடைவெளியை மூடாமல் வலை மட்டும் அடித்தார். முகட்டிலும் காற்று வெளியேற வழி விட்டார். சிரித்தவர்களை உட்காரவைத்துச் சொன்னார்: "வெள்ளை பாதி வெயிலத் திருப்பி அனுப்பிரும். மிச்சச் சூட்ட, கீழ நுழையிற காத்து மேல தூக்கிட்டுப் போயிரும். அது போற வழிய மட்டும் மறிக்கக் கூடாது." என்னிடம் அவர் இதைச் சொல்லவில்லை. டீ கொண்டுபோனபோது காதில் விழுந்ததுதான். அந்தச் சாக்கை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எடுபடவில்லை.

முதல் கோடையிலேயே, சிரித்த தெரு மத்தியான நேரத்தில் எங்கள் வீட்டில் வந்து உட்கார ஆரம்பித்தது. மாமா ஒன்றும் சொல்லிக்காட்டவில்லை. பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்ததை நான்தான் பார்த்தேன். ஒவ்வொரு பங்குனியிலும் ஏணி போட்டு ஏறி, தகட்டில் படிந்த செம்மண் புழுதியைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுவார். அழுக்கேறினால் வெள்ளைக்கு வேலையில்லை என்பார்.

ஒரு கார்த்திகை மாதம் அவருக்கு வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கணவர் வெளிநாட்டில், மாமிக்கு முழங்கால் வலி. மேற்கு அறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு எல்லாவற்றையும் நானே பார்த்தேன். நான் நல்ல மருமகள். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் அதனால்தான் நடந்தது.

அந்த அறைக்கு மேலே வலை கிழிந்து அணில்கள் கூடு கட்டியிருந்தன. தேங்காய் நாரும் புழுக்கையும் சீலிங் இடுக்கு வழியாக அவர் மேல் உதிரும். ஒருநாள் காலையில் பார்த்தால், மூட முடியாமல் திறந்திருந்த அவர் வாய்க்குள் ஒரு நார்த் துணுக்கு. அன்றே அணில்களை விரட்டிவிட்டு, குளியலறைப் படிக்கு வாங்கியதில் மிஞ்சிய சிமெண்டைக் குழைத்து, அவருடைய ஏணியிலேயே ஏறி, ஓட்டுத் துண்டுகளை வைத்து அந்த அறையின் இறவாரம் முழுவதையும் அடைத்துப் பூசினேன். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த மாமா தொண்டையிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினார். நிறுத்தாமல் எழுப்பினார். "விழுந்துற மாட்டேன் மாமா, பயப்படாதீங்க" என்றேன். அது தை மாதம், நல்ல குளிர். அன்று முழுவதும் எனக்கு என்மேலேயே திருப்தியாக இருந்தது.

பங்குனியில் கூரையைக் கழுவ ஆளில்லை. சித்திரையில் அந்த அறை கொதித்தது. இந்த வருடம் வெயில் அப்படி என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஈரத்துணி போட்டேன், மேசை விசிறியை முகத்துக்கு நேராக வைத்தேன், இளநீரைக் கரண்டியால் ஊற்றினேன். அப்போதுதான் அவர் வலது கை ஆட்காட்டி விரலை உயர்த்தத் தொடங்கினார். நேர் மேலே அல்ல. சற்றுச் சாய்வாக, மேற்குச் சுவரும் சீலிங்கும் சேரும் இடத்தை நோக்கி.

தொழுகையில், இறைவன் ஒருவனே என்று நாங்கள் உயர்த்தும் விரல் அது. தொழும் திசையும் மேற்குதான். மாமி கண்கலங்கிப் போனார். "பாரு புள்ள, கலிமா விரல ஒசத்துறாங்க. கிப்லா பக்கந்தான் காட்டுறாங்க. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்?" போனில் பார்த்த கணவர் அழுதுகொண்டே நிம்மதியானார். பள்ளிவாசலிலிருந்து வந்தவர்களும் நல்ல முடிவு என்றார்கள். நான் அந்தக் கையை மெல்ல இறக்கி நெஞ்சில் வைப்பேன். உடனே மறுபடி உயரும். ஒருமுறை என் மணிக்கட்டைப் பிடித்து, என் கையையும் சேர்த்து அந்தப் பக்கம் இழுத்தார். கண்ணில் கோபமும் தண்ணீரும். நான் அவர் காதருகே குனிந்து கலிமாவைச் சத்தமாகச் சொன்னேன். அவர் பிடியை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கத்திரி வெயிலின் இரண்டாம் வாரம், ஒரு மத்தியானத்தில் மௌத்தானார்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. மாமாவோடு சேர்ந்து இந்தக் கூரையைப் போட்ட ஃபிட்டர் வந்தார். மேற்குப் பக்கம் ஏணியில் நின்றவர் கீழே பார்த்துக் கேட்டார்: "தங்கச்சி, இத யாரு அடச்சது? காத்துப் போக வழியில்லாம இருந்தா இந்த ரூமு அடுப்பால்ல ஆயிரும். அவரு இருந்தா விட்டுருப்பாரா?"

ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்த விரல் எதைக் காட்டியது என்று அப்போது தெரிந்தது. அன்று ஜன்னல் வழியே கேட்ட சத்தம் எதற்கென்றும் தெரிந்தது. "யாரோ கொத்தனாருண்ணே" என்றேன். அவர் உளியால் தட்டினார். முதலில் விழுந்த கட்டியை எடுத்து முந்தானையில் மறைத்துக்கொண்டேன். அந்தப் பொய்யையும் இதுவரை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

வெயிலால்தான் போனாரா என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருப்பாரா என்றும் தெரியாது. கடைசி நாட்களில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் செய்யவில்லை என்பது தெரியும்.

இந்தப் பங்குனியில் நானே ஏறித் தகட்டைக் கழுவினேன். மாமி இப்போது அந்த அறையில்தான் மத்தியானம் படுக்கிறார். துக்கம் கேட்க வராமல் விட்டவர்கள் இப்போதும் எப்போதாவது வருவார்கள். அவர்களிடம் மாமி விரலைத் தூக்கிக் காட்டிச் சொல்வார்: "இப்புடித்தாங்க, கடைசி வரைக்கும். பாருங்க, அவுங்க படுத்திருந்த ரூமு எம்புட்டுக் குளிர்ச்சியா இருக்குன்னு." வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துத் தலையசைப்பார்கள். நான் டீ போட உள்ளே போய்விடுவேன். பால் பொங்குகிறவரை அலமாரியிலிருந்து கட்டியை எடுத்து, அதன் தடத்தில் என் ஆட்காட்டி விரலை வைத்துப் பார்ப்பேன். இன்னும் சரியாகத்தான் பொருந்துகிறது.