எதிர்க்கடைக்கு வந்த ஐடியா

தையற்காரன் வயிற்றெரிச்சல் தையற்காரனுக்குத்தான் புரியும். ஊசி பிடித்துக் கண் கெட்ட சகபாடிகளே, நீங்களாவது என் பக்கம் நியாயம் சொல்லுங்கள். பதுளைக் கடைவீதியில் எனக்குத் தையற்கடை. மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவிலிருந்து வரும் துணிதான் எங்கள் வீட்டு அடுப்பை எரிய வைத்தது. அது எதிர்க்கடைச் செல்லையாவிடம் போய்விடுமோ என்று நான் தவித்த காலத்தில்தான் ‘ஐடியா’ என்ற இங்கிலீஷ் வார்த்தை எங்கள் வீதிக்குள் நடமாட ஆரம்பித்தது.

காற்றில் ஒரு கவுன்

முதலில் அந்த வார்த்தை பங்களாவின் வெள்ளைக்காரத் துரைசானியிடம் மட்டும்தான் இருந்தது. வழக்கமாகப் பழைய கவுன் ஒன்றைக் கொடுப்பார். அதே போலப் புதிது தைத்துக் கொடுப்பேன். ஒரு தடவை வெறும் துணியை மட்டும் கொடுத்தார். தோளுக்குப் பக்கத்தில் இரண்டு கைகளையும் பெரிதாகச் சுற்றிக் காட்டி, “ஐடியா தெரிஞ்சதா?” என்றார். ஐடியா என்றால் அளவு என்று எடுத்துக்கொண்டு, “தெரிஞ்சதுங்க” என்றேன்.

அவர் கை சுற்றிய அகலத்துக்கே தோளைத் தைத்தேன். பசறை வரை மாட்டுவண்டி, அப்புறம் நடை என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். போட்டுப் பார்த்தார். தோளுக்கு ஒன்றாக இரண்டு தலையணைகளை உள்ளே வைக்கலாம். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்; சிரித்துவிட்டார்.

“டெய்லர், நான் காட்டினது ஐடியா. அதைப் போய் நீ டேப் வைச்சு அளந்துட்டே!”

கண்ணை மூடுகிறவன்

செல்லையா கொழும்பில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்து எனக்கு நேர் எதிரே கடை போட்டான். துரைசானி ஒருநாள் அவன் கடை வாசலில் நின்றதை நான் மிஷினை மிதித்துக்கொண்டே பார்த்தேன். அவன் துணியைத் தடவினான், கண்ணை மூடினான், பிறகு, “எனக்கு ஒரு ஐடியா தோணுதுங்க” என்றான். ஐடியா என்பது துணி கொண்டு வருகிறவருக்கு உரியது என்றுதான் அதுவரை இருந்தேன். தைக்கிறவனுக்கும் அது தோன்றலாமாம்! துரைசானி துணியை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் பங்களா ஆயா தன் ரவிக்கைத் துணியோடு என்னிடம் வந்தாள். நானும் துணியைத் தடவினேன், கண்ணை மூடினேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றும் என்று காத்திருந்தேன். நல்ல வெயில் நேரம் வேறு.

“என்னங்க டெய்லர், அவரு கண்ண மூடினா ஐடியா வருது, நீங்க மூடினா கொறட்டதான் வருது!”

கிளாக்கரின் யோசனை

கொஞ்ச நாளில் தோட்டத்துக் கிளாக்கர்மார் வாயிலும் அந்த வார்த்தை ஏறிவிட்டது. அவர்களுக்கு அது உத்தேசம். தெமோதரைப் பக்கத்துக் கிளாக்கர் ஒருவர் கோட்டுக்கு அளவெடுக்க வந்தார். கழுத்து, தோள், மார்பு, கை என்று பொறுமையாக எடுத்தேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன். எல்லா அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

“அளவு நீங்க எடுத்தாத்தான் சரியா இருக்கும். தைக்கிறதுக்கு எதிர்க்கடையில குடுக்கலாம்னு ஒரு ஐடியா.”

கங்காணிக்கும் எனக்கும் ஒரே நோய்

கங்காணிகளிடம் போனதும் அதே வார்த்தை தந்திரமாகிவிட்டது. ஒரு பெரிய கங்காணி வந்து, பக்கத்துத் தோட்டத்துக் கங்காணியின் கோட்டைவிடத் தன் கோட்டு எடுப்பாக இருக்க “ஒரு ஐடியா பண்ணுங்க” என்றார். அந்தக் கோட்டைத் தைத்தவன் யார் என்று கேட்டேன். செல்லையா. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. பித்தளைப் பொத்தான் இரண்டு வரிசை, பையில் மூடி, காலரில் பட்டு என்று என் பொறாமை முழுவதையும் அந்தக் கோட்டில் வைத்துத் தைத்தேன்.

போட்டுக்கொண்டு, காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனவர் மறுநாளே திரும்பி வந்தார். கொழுந்து பறிக்கும் லயத்துப் பெண்கள் அவரைப் பார்த்து, பாண்டு வாசிக்கிறவர் எப்போது வந்தார் என்று கேட்டார்களாம்.

“எனக்கு வயிறு எரியுதுன்னுதான உங்ககிட்ட வந்தேன்? உங்களுக்கு என்னைவிட எரியும்போல இருக்கே!”

கல்யாணக் கவுன்

துரைசானியின் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. கவுனை எவன் தைக்கிறானோ அவனுக்கே இனிப் பங்களாத் துணி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். இருவரையும் வரச் சொன்னார். நான் லேஸ், குச்சம், மணி எல்லாம் அடுக்கினேன். செல்லையா கண்ணை மூடித் திறந்து, “ஒண்ணுமே வேணாங்க. துணி தன்பாட்டுல விழட்டும்” என்றான். கல்யாணப் பெண் கை தட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் நான் அவனை நிம்மதியாக வெறுத்திருப்பேன். அந்தப் பாவி, “ஆனா இந்தத் தையலுக்கு எங்க அண்ணன் கைதாங்க வேணும்” என்று என்னைக் காட்டினான். வெட்கங்கெட்டு ஒப்புக்கொண்டேன். மிஷின் படாமல் முழுக்கவும் கையாலேயே தைத்தேன். ஒரு தையலையாவது கோணலாகப் போட்டுவிட ஆசை, கை கேட்கவில்லை. வேதக்கோயில் வாசலில் பெண் இறங்கியபோது வெள்ளைக்காரச் சீமாட்டிகள் எல்லாரும் செல்லையாவைத் தேடினார்கள். அவன் என் தோளில் கை போட்டு, “தைச்சது அண்ணன்தாங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். பெருந்தன்மையும் அவனுக்கே போய்ச் சேர்ந்தது.

துரைசானி எங்களிடம் வந்தார்.

“இனிமே பங்களாத் துணியெல்லாம் செல்லையாவுக்கு. அவன் யோசிக்கட்டும், நீ அவன்கிட்ட தைச்சுக்கோ. நல்ல ஐடியாதானே, டெய்லர்?”

அந்த வார்த்தைக்கு எங்கள் ஊரில் ஆளுக்கோர் அர்த்தம் இருக்கலாம். எனக்கு மட்டும் அன்றும் இன்றும் அதற்கு ஒரே அர்த்தம் எதிர்க்கடைச் செல்லையாதான்.