பல் டொக்டரிடம் போவதாகச் சொன்ன நாள்

சுவிட்சர்லாந்தில் டொக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழைகிறவர், அங்கே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். "குரூயெட்சி" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்து பதில் சொல்வார்கள். இங்கே வந்து இருபத்தாறு வருடமாகியும் எனக்கு அது கூச்சம்தான். கொழும்பில் டொக்டரைச் சனல் பண்ணி, அதாவது காசு கட்டி நம்பர் எடுத்துப் போனால், "உங்கட நம்பர் எத்தினை?" என்ற கேள்வியில் தொடங்கி, நம்மைக் கூப்பிடுவதற்குள் முழு வருத்தத்தையும் பக்கத்துக் கதிரைக்காரரிடம் சொல்லி முடித்திருப்போம். இங்கே வணக்கத்தோடு சரி. அதன்பிறகு அவரவர் நோ அவரவருக்கு.

என் நோ முதுகில். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் பெரிய பானைகள் தூக்கியதில் தொடங்கியது, ஆறு வருடமாக இடுப்பிலிருந்து வலது கால்வரை இறங்கி நிற்கிறது. ஸ்கான், ஊசி, மாத்திரை எல்லாம் ஆயிற்று. கடைசியில் ஒருநாள் டொக்டர் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்டார். "மனைவி, இரண்டு பிள்ளைகள்" என்றேன். அவர் சிரிக்காமல், மெதுவாகத் திரும்பக் கேட்டார். யாரோடு வாழ்கிறீர்கள் என்று நான் விளங்கிக்கொண்ட கேள்வி, உண்மையில் இந்த வலியோடு எப்படி வாழ்கிறீர்கள் என்பது. ஒரு மனநலத் தெரபிஸ்டைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் தந்தார். வலி பொய்யென்று சொல்லவில்லை, அதோடு நாட்களைக் கடத்த அவர் உதவுவார் என்று விளக்கியும் சொன்னார். என் காதில் விழுந்தது ஒரே சொல்: விசர். கடிதத்தை மனைவிக்கும் காட்டாமல் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

அந்தச் சொல்லை அதற்கு முன் நானே ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். என் அக்கா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அத்தான் இறந்த பிறகு அவருக்கு உடம்பு முழுக்க நோ. விடிய எழும்பினால் விரல் மடங்காது, சட்டை பட்டாலே எரியும் என்பார். எந்தப் பரிசோதனையிலும் ஒன்றும் வரவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒருநாள் போனில் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, டொக்டர் துண்டு தந்திருக்கிறார். உளவளத்துணைக்குப் போகட்டாம். போகட்டா?"

வேலைக்கு நடுவே சமையலறைப் பின்வாசலில் நின்றிருந்தேன். "உங்களுக்கென்ன விசரா அக்கா? மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம் அங்கொடை விசர் ஆஸ்பத்திரிக் கேஸ் எண்டு பேரெடுக்கப் போறீங்களா? எழும்பி வேலையைப் பாத்தா நோ தெரியாது" என்றேன். அக்கா "ஓம், ஓம்" என்றார். என் பிள்ளைகளைச் சுகம் விசாரித்தார். அதன்பிறகு நோவைப் பற்றி என்னிடம் கதைத்ததே இல்லை. சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

போன வருடம் அக்காவின் பேரப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்காகத் தனியே கொழும்பு போனேன். விமானத்தில் பத்து மணித்தியாலம் இருந்து, இறங்கியபோது கால் மரத்துப் போயிருந்தது. தமிழிலாவது கதைக்கலாம் என்று, யாருக்கும் தெரியாமல் அங்கேயே ஒரு தெரபிஸ்டைத் தேடத் தொடங்கினேன். முதல் இடத்தில் சிங்களமும் ஆங்கிலமும் மட்டும். பஸ்ஸிலும் கடையிலும் சிங்களத்தில் தடுமாறாமல் கதைப்பேன், ஆனால் அழுவதற்கு என் சிங்களம் போதாது. இரண்டாவது இடத்தில் போனை எடுத்த பெண், "யாருக்கு சேர், பிள்ளைக்கா?" என்று கேட்டாள். "ஓம், மகனுக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்றாவதாக வெள்ளவத்தையில் ஒரு தமிழ் மிஸ் கிடைத்தார்.

அக்காவிடம் பல் டொக்டரிடம் போவதாகச் சொன்னேன்.

"அங்க பல் டொக்டர் இல்லையா?"

"அங்க லேசில நாள் கிடைக்காது, அக்கா."

அக்கா உள்ளே போய், மடங்காத விரல்களால் நாலைந்து கராம்பைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வந்தார். "போற வழியில கொடுப்புக்குள்ள வச்சுக்கொள். நோ குறையும்."

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி. வெள்ளவத்தையில் எந்த மூலையிலும் லீவில் வந்த, என்னைத் தெரிந்த வெளிநாட்டுத் தமிழர் ஒருவர் நிற்பார் என்ற பயத்தில், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படியேறினேன். மிஸ்ஸுக்கு நாற்பது வயதிருக்கும். நான் கதிரையில் நெளிவதைப் பார்த்து, "இருக்கக் கஷ்டமெண்டா நில்லுங்க. நானும் நிக்கிறன்" என்று எழுந்துகொண்டார். ஆறு வருடத்தில் யாரும் எனக்காக அப்படி எழுந்து நின்றதில்லை. கொஞ்ச நேரம் கதைத்த பிறகு கேட்டார்: "உங்கட குடும்பத்துல வேற யாருக்காவது இப்பிடிக் கனநாள் நோ இருக்கா?"

"இல்லை, மிஸ்" என்றேன்.

சட்டைப் பையில் கராம்பு மணத்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. அக்காவுக்கு நான் மறுத்ததை, அவர் வீட்டில் தங்கிக்கொண்டே களவாகப் போய் எடுத்து வருகிறேன். போதாதென்று, அவர் நோவை இரண்டாம் முறையும் இல்லையென்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்பதற்கான வசனங்களைக் கொட்டாஞ்சேனை வரும்வரை மனதுக்குள் அடுக்கினேன்.

அக்கா குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "பல்லுக்கு என்னவாம்?"

"பல் டொக்டரிட்டப் போகல்ல, அக்கா." போன இடத்தைச் சொன்னேன். அங்கே சொன்ன பொய்யையும் சொன்னேன். அடுக்கி வைத்த வசனங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அக்கா கையை நிறுத்தவில்லை. "ஓம். நீ போனா அது ட்ரீட்மென்ட். நான் போனா விசர்."

"அந்தத் துண்டு இருக்கா, அக்கா?"

"நீ சொன்ன அண்டைக்கே கிழிச்சுப் போட்டன்."

நான் நிலத்தில் கிடந்த வெங்காயத் தோலைப் பொறுக்கினேன். இன்னும் இரண்டு வெங்காயம் உரித்த பிறகு, முகத்தைத் திருப்பாமலே அக்கா கேட்டார்: "பொம்பிளையா?"

"ஓம்."

"படி கூடவா?"

"ஒரு பதினைஞ்சு இருக்கும்."

"ஏறலாம்" என்றார்.

அடுத்த கிழமை இருவரும் போனோம். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அக்கா ஏறினார், நான் பின்னால் ஏறினேன். அவர் உள்ளே இருந்த நேரம் முழுவதும் நான் வெளியே நடந்துகொண்டிருந்தேன். முதலில் அழுகை கேட்டது, கனநேரம் கழித்து ஒரு சிரிப்பு. என்ன கதைத்தார் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற உரிமை எனக்கும் இல்லை. இங்கே வெளிநாட்டிலிருந்து போன் எடுத்து நாங்கள் வாயில் வந்ததைச் சொல்கிறோம். அங்கே அது தீர்ப்பாகிவிடுகிறது. நான் பயணம் வெளிக்கிட்ட அன்று அக்கா வாசலில் நின்று சொன்னது இவ்வளவுதான்: "இனி ஆருக்கும் போனில மருந்து சொல்லாதே." மன்னித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தமா, எனக்குத் தெரியாது.

என் முதுகு இன்னும் நோகிறது, அக்காவின் விரல்களும் அப்படித்தான். ஆனால் நோகிறது என்று இப்போது ஒருவருக்கொருவர் சொல்கிறோம். மிஸ் சொல்லித் தந்த பயிற்சியைச் சனிக்கிழமைகளில் போனிலேயே சேர்ந்து செய்கிறோம். படுத்து, கண்ணை மூடி, மூச்சை மெதுவாக விட்டு, சுற்றிலும் கேட்கும் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். போன கிழமை போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

"என்ன கேக்குது, தம்பி?"

"காகம். ஆரோ ஓட்டோ ஹோன் அடிக்கிறான். பன்னிரண்டு மணிக் கோயில் மணி."

"அது இங்க. உன்ட பக்கத்துல என்ன கேக்குது?"

கண்ணைத் திறக்காமல் காது கொடுத்துப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தேன். யன்னலுக்கு வெளியே சத்தமேயில்லாமல் பனி கொட்டிக்கொண்டிருந்தது.