வீட்டுக்குள் நடந்த ஷூ

ஜெர்மனிக்கு வந்து ஐந்து மாதமாகியும் இங்குள்ள கடைக்காரர்களை என்னால் நம்ப முடியவில்லை. அலுவலகம், பணிமனை, பேருந்து மூன்றுக்கும் பொருந்தும் கறுப்புத் தோல் ஸ்னீக்கர் தேடிப் போனேன். தையலா, பசையா? தோல் அசலா, பூச்சா? நனைந்தால் என்ன ஆகும்? வரிசையாகக் கேட்டேன். எனக்குக் கறுப்பு பிடிக்கவில்லை என்று நினைத்து விற்பனையாளர் வெள்ளை ஜோடி ஒன்றைக் கொண்டுவந்தார். பிறகு, "வீட்டுக்குள் போட்டு நடந்து பாருங்கள். அழுக்காகாமல் இருந்தால் மாத முடிவுக்குள் திருப்பித் தரலாம்" என்றார். "இதில் உங்களுக்கு என்ன லாபம்?" என்றேன். கேள்வி புரியாமல் சிரித்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வால்வு ஆலையின் தரக்கட்டுப்பாட்டில் இருந்தபோது, பொன்னேரி கடைத்தெருவில் இப்படியொரு ஜோடி வாங்கியிருக்கிறேன். "அசல் லெதரு மா. கண்ண மூடிக்கினு எடுத்துக்கினு போ, ஒரு பேஜாரும் கெடையாது" என்றார் கடைக்காரர். முதல் மழையில், ரயிலிலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பதற்குள் தோல் தாள்தாளாக உரிந்தது. கொண்டுபோய்க் காட்டினேன். "மழைல போட்டுக்கினு போனா லெதரு இன்னாமா பண்ணும்?" என்றார்.

அதனால் இங்கே வாங்கிவந்த புதுக் கறுப்பு ஷூவை அறைக்குள் மட்டும் போட்டு நடந்தேன். வீடியோ அழைப்பில் அம்மா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி, ஊட்டுக்குள்ள பூட்ஸு போட்டுக்கினு சுத்துற?"

"செக் பண்றேம்மா. புடிக்கலன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

"ரோட்டுக்கு வாங்குனத ஊட்ல ஓட்டிக்கினு கீற! இதுல இஞ்சினீரு வேற."

என்னையும் இங்கே வேலை தந்த நிறுவனம் இப்படித்தான் வைத்திருக்கிறது. தகுதிகாண் காலம் அடுத்த மாதம் முடிகிறது; பொருந்தவில்லையென்றால் ஊருக்கு டிக்கெட். மேலாளர் வாரந்தோறும் "எல்லாம் நன்று" என்கிறார். எதை வைத்துச் சொல்கிறார் என்று தெரியவில்லை. திரும்பிப் போவதானால் இத்தனை விலையில் ஷூ எதற்கு?

திருப்பித் தரக் கடைசி நாளன்று மழை. பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே நின்றேன். நனைந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அறைக்குள் விடை கிடைக்காது. பெட்டியைத் திறந்து, ஷூவைப் போட்டுக்கொண்டு, டிராம் நிறுத்தம்வரை தேங்கிய நீரில் நடந்து திரும்பினேன். தோல் உரியவில்லை. இனிக் கடை இதை வாங்காது.

ஊரில் செய்வதைப் போலக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டேன். யாராவது எடுத்துப் போய்விடுவார்களோ என்று இரண்டு முறை திறந்து பார்த்தேன். அங்கேயே சொட்டிக்கொண்டிருந்தது. பெட்டியையும் பில்லையும் இன்னும் எறியவில்லை, கட்டிலுக்கடியில் இருக்கின்றன.