பஸ்ஸில் வந்த முட்டைப் பெட்டி

பிள்ளைகளே, முல்லைத்தீவு பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணை என்னால் மறக்க முடியவில்லை. வயது ஐம்பதுகூட இராது, முதுகு கூனியிருந்தது. பள்ளம் வருமுன்பே முன்சீட்டுக் கம்பியை இரு கைகளாலும் பிடித்து மூச்சை அடக்கிக்கொள்வார்.

“மெல்லப் போகச் சொல்லுங்கோ தம்பி” என்றார் கண்டக்டரிடம்.

“ஏனக்கா, முட்டைப் பெட்டியோ கொண்டுவாறியள்?”

“ஓம், நான்தான் அந்த முட்டை.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, என்ன வருத்தமென்று கேட்டேன்.

“கர்ப்பப்பையோட சூலகத்தையும் சின்ன வயசிலயே எடுத்திட்டினம். ஓமோன் குளிசை தந்தவை. மாதவிலக்குத்தான் நிண்டிட்டுதே, பிறகேன் குளிசையெண்டு விட்டிட்டன். அது எலும்பு தேயாமலிருக்கத் தந்ததெண்டு பிறகுதான் தெரியும். போன மாசம் இருமினன், முள்ளந்தண்டு வெடிச்சிட்டுது.”

போன வருடம் உங்கள் அம்மாவுக்கும் அதே ஒப்பரேசன்தான். அதே காரணத்தைச் சொல்லித்தான் அவரும் குளிசையை நிறுத்தியிருந்தார். அந்தப் பெண் எங்கே இறங்கினார் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

வீட்டில் அம்மா வாளித் தண்ணீரோடு வந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் வாளியை வாங்கினேன்.

“என்னப்பா, இண்டைக்குப் புதுசாயிருக்கு?”

“நாளைக்குக் கிளினிக்குக்குப் போவம். அந்தக் குளிசையைப் பற்றிக் கேட்பம்.”

“ஓம், வாறன்” என்று சிரித்தபடி குசினிக்குள் போனார்.

அவர் வழுக்கி விழக்கூடாதென்று நான் தனியே கிணற்றடிப் பாசியைத் தும்புத்தடியால் தேய்த்தேன். சீமெந்துத் தரை காய்ந்த பிறகு, இன்னொருமுறை தேய்த்தேன்.